மாமாவின் விலாசம்: எல்லையோரக் குடும்பம் ஒன்றின் வாரிசுத் தாள்கள்

2022 ஜனவரியில் என் தாய்மாமா காலமானார். அவர் பெயரில் கடைசியாக மிஞ்சியிருந்த 5 சென்ட் வீட்டுமனை அவர் மகள் பெயருக்கு மாறியது 2023 ஏப்ரலில். நடுவில் 15 மாதம். குடும்பத்தில் சண்டை இல்லை, வழக்கு இல்லை. எந்த ஆபீஸிலும் யாரும் வேண்டுமென்று அலைய விடவும் இல்லை. அப்படியும் இவ்வளவு நாள் ஆனதற்குப் பெரிய காரணம், நாங்களே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்த ஒரு விலாசம்.

கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் தாள், கையெழுத்து, முத்திரை என்றால் சொந்தக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாமா விஷயத்திலும் ஓடியது நான்தான். அத்தையும் பிள்ளைகளும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். வாளையாற்றிலிருந்து மீனாட்சிபுரம் வரை, ஒரு கால் கேரளத்திலும் ஒரு கால் தமிழ்நாட்டிலும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய. அவர்களில் யாருக்காவது ஒரு மாதம் மிச்சமானால்கூடப் போதும்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறையை ஒட்டியது. 1956 நவம்பர் 1-க்கு முன் பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் மட்டும் பழைய கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. அதனால் எங்கள் பழைய ஆதாரங்கள் (சொத்துப் பத்திரங்கள்) எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். தேங்காய் விற்பது, பெண் எடுப்பது, ஆஸ்பத்திரி போவது எல்லாம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கிழக்கே. கரம் (நிலவரி) கட்டுவது, ரேஷன் வாங்குவது, ஓட்டுப் போடுவது மேற்கே. இப்படியே வாழ்ந்து பழகிவிட்டதால் எல்லை என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். ஒருவர் இறந்து தாள் எழுத உட்காரும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

மாமா விட்டுப்போனது இவ்வளவு. ஊரில் 2 ஏக்கர் 40 சென்ட் தென்னந்தோப்பு, அதற்குள்ளேயே வீடு. பொள்ளாச்சிப் பக்கம் 2004-இல் அவர் வாங்கிப் போட்ட 5 சென்ட் மனை. கிழக்கே ஒரு வங்கியில் 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை. ஒரு ஸ்கூட்டர். அப்புறம் டிரங்குப் பெட்டியில் வேட்டி மடிப்புக்குள், 2019-இல் அவரே தமிழில் எழுதிய ஒரு உயில். அவருக்குப் பின் இருந்தவர்கள் அத்தை, ஒரு மகன், ஒரு மகள். இப்படித்தான் முதலில் எண்ணினோம். எண்ணியதிலேயே ஒரு ஆள் குறைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விலாசம்

மாமா இறந்தது கோவையில் ஒரு மருத்துவமனையில். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். இறந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது அதற்குக் கணக்கில்லை. மருத்துவமனையில் நடந்த இறப்பென்றால் அவர்களே பதிவாளருக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். 21 நாளைக்குள் பதிவாகிவிட்டால் தாமதக் கட்டணமும் இல்லை. எங்களுக்கு அது சிரமமில்லாமல் நடந்தது. பிப்ரவரியில் சான்றிதழ் கைக்கு வந்தது. 10 பிரதி எடுத்தோம். அதை வரிக்கு வரி யாரும் படிக்கவில்லை.

இறப்புச் சான்றிதழில் இரண்டு விலாசம் இருக்கும். இறந்தபோது இருந்த விலாசம் ஒன்று, நிரந்தர விலாசம் ஒன்று. மாமாவின் சான்றிதழில் இரண்டு இடத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்து விலாசம். அது அவர் மருமகனின் வீடு. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய அந்த நேரத்தில் படிவம் நிரப்பச் சொன்னபோது மருமகன் கையில் இருந்தது தன்னுடைய ஆதார் மட்டும்தான். அதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். உயிர் போகுமா பிழைக்குமா என்று நிற்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

விளைவு என்னவென்றால், மேற்கே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது, “நிரந்தர விலாசம் தமிழ்நாடு என்று இருக்கிறதே, அங்கே கேளுங்கள்” என்றார்கள். கிழக்கே போனால், “ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் கேரளா. இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்தில்தான் தர முடியும்” என்றார்கள். இரண்டு பக்கமும் சொன்னது சரி. நாங்கள் நீட்டிய தாள்தான் ஒன்றோடொன்று பேசவில்லை. இது புரியாமல், யாரையாவது பார்த்துச் சொன்னால் நடக்கும் என்று மே மாதம் வரை ஓட்டிவிட்டோம். அந்த மூன்று மாதம் முழுக்க முழுக்க எங்கள் தவறு.

விலாசத்தோடு பெயரும் சேர்ந்துகொண்டது. 1988 பாகபத்திரத்தில் மாமா பெயருக்கு முன்னால் களத்தின் (தோட்ட வீட்டின்) பெயர், பின்னால் “இன்ன கவுண்டன் மகன்”. 2004 மனைப் பத்திரத்தில் முன்னெழுத்தோடு பெயர், பின்னால் கவுண்டர். ஆதாரில் கவுண்டரும் இல்லை, களமும் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒன்றில் “சாமி”, மற்றொன்றில் “ஸ்வாமி”. நமக்கு இவை எல்லாம் ஒரே ஆள். தாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டியவருக்கு மூன்று ஆள்.

இறப்புப் பதிவைத் திருத்த முடியும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன் 15-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார்கள். பிழை என்ன, உண்மை என்ன என்று விவரம் தெரிந்த இரண்டு நம்பகமான ஆட்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரம் கட்டிய ரசீது மூன்றையும் இணைத்தோம். ஜூனில் நிரந்தர விலாசம் எங்கள் ஊர் என்று திருத்திய சான்றிதழ் வந்தது.

பெயருக்குக் கேரளத்தில் ஒரு வழி இருக்கிறது. இந்தப் பெயரில் இருப்பவரும் அந்தப் பெயரில் இருப்பவரும் ஒருவரே என்று வருவாய்த் துறை தருகிற சான்று. ஊரில் எல்லோரும் ‘ஒன் அண்ட் சேம்’ என்றே சொல்வார்கள். மூன்று வடிவத்தையும் ஒரே சான்றில் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் முதலில் இரண்டை மட்டும் எழுதிக் கொடுத்து, மூன்றாவதற்காக மறுபடி போனோம்.

அம்மாயி

ஜூலையில் மேற்கே வாரிசுச் சான்றுக்கு மறுபடி விண்ணப்பித்தோம். அத்தை, மகன், மகள் என்று மூன்று பெயர். கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் விசாரணை முடிந்ததும் தாசில்தார் வழியாக அரசிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கும். அதன் பிறகே சான்று. விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து அத்தையிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பிறகு திண்ணையின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே என் அம்மாயி உட்கார்ந்து தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். மாமாவைப் பெற்றவர். வயது 84.

“அது ஆரு?”

“எங்க மாமியாருங்க” என்றார் அத்தை.

“அவங்க பேரு இதுல எங்கே?”

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. தினமும் அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், அவர்களோடு தாயும் அந்த வகுப்பில் இருக்கிறார். தந்தை இல்லை, தாய் உண்டு. மகனுக்கு முன்னால் தாய் போய்விடுவார் என்பதே வழக்கமான எண்ணம் என்பதால் இது யாருக்கும் தோன்றுவதில்லை. சான்று மூன்று பெயரோடு வந்திருந்தால், அதை வைத்து எழுதிய ஒவ்வொரு பத்திரமும் கால் பங்கு ஓட்டையோடு நின்றிருக்கும். பின்னால் தோப்பை விற்க வேண்டிவந்தால், வாங்குகிறவரின் வக்கீல் அந்த ஓட்டையைத்தான் முதலில் பிடிப்பார். கேட்ட அந்த மனிதருக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அங்கேயே நான்காவது பெயரைச் சேர்த்துக் கொடுத்தோம்.

கணக்கைப் பாருங்கள். தோப்பு 240 சென்ட். நான்கு பேருக்கு ஆளுக்கு 60 சென்ட். அம்மாயியின் பங்கு 60. இதெல்லாம் முடிவதற்குள் அம்மாயிக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்த 60 சென்ட் அவருடைய வாரிசுகளுக்குப் போகும்: என் அம்மா, சின்ன மாமா, இறந்துபோன மாமாவின் பிள்ளைகள் என மூன்று கிளைக்கு 20, 20, 20. புதிதாக ஓர் இறப்புச் சான்று, புதிதாக ஒரு வாரிசுச் சான்று, மறுபடி அரசிதழ், மறுபடி 30 நாள். 84 வயதுக்காரர் ஒருவர் வாரிசாக இருக்கும்போது ஒவ்வொரு மாதமும் எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மூன்று 20 சென்ட் பங்குகளில் ஒன்று என் அம்மாவுடையது. ஓடுகிறவன் நான், தாமதமானால் பலன் வருவது என் வீட்டுக்கு. இதை அத்தையிடமும் பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். அவர், “எனக்கு அதுல ஒரு தேங்கா கூட வேண்டாஞ் சாமி. ஆனா எங்கம்மாவக் கேக்காம ஒரு வரி எழுதீராதீங்க” என்றார். அப்புறம் நாங்கள் செய்த எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தை ஒட்டித்தான்.

வாரிசுச் சான்று அக்டோபரில் வந்தது.

உயிலும் புரொபேட்டும்

உயிலில் மாமா எழுதியிருந்தது ஒரே பக்கம். தோப்பு மகனுக்கு, மனை மகளுக்கு. கீழே அவர் கையெழுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து. பதிவு செய்யவில்லை. அத்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை, அம்மாயியைப் பற்றியும் இல்லை. அத்தை அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். “மறந்துட்டாருங்க போல” என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

உயில் இருக்கிறது என்று தெரிந்ததும் கிழக்கே ஒரு புரோக்கர், “கோர்ட்டுல புரொபேட் எடுக்காம ஒண்ணும் நடக்காதுங்க, 60,000 ஆகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். குடும்பம் பயந்துவிட்டது. பணம் கொடுக்கிற முன்பு ஒரு மூத்த வக்கீலிடம் கேட்டது நல்லதாயிற்று.

புரொபேட் என்பது, இது இன்னாரின் கடைசி உயில்தான் என்று நீதிமன்றம் மெய்ப்பித்துத் தருகிற சான்று. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 57, 213-ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், அப்போது இந்துக்களுக்கு அது கட்டாயமாக இருந்தது கல்கத்தா, மதராஸ், பம்பாய் என்ற பழைய ஆட்சி எல்லைகளைச் சேர்ந்த சில உயில்களுக்கு மட்டுமே. நம் பக்கத்துக்குச் சொன்னால், சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலம் பற்றிய உயில். சித்தூரில் எழுதி, சித்தூர்த் தோப்பையும் பொள்ளாச்சி மனையையும் பற்றிச் சொல்கிற உயிலுக்கு அது கட்டாயமே இல்லை. கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டாயம் 1997-இல் கேரளம் கொண்டுவந்த திருத்தம் வரை இருந்தது. அந்த நினைவில்தான் இன்றும் பலர் எல்லோருக்கும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. ஆகவே புரொபேட் கட்டாயம் என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவின்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்டாயம் இல்லை என்பதால் உயில் தானாக நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. யாராவது மறுத்தால் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். மாமாவின் உயிலில் சாட்சி போட்ட இருவரில் ஒருவர் 2021-இலேயே இறந்துவிட்டார். இன்னொருவர் ஆனைமலைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி, எழுபதைத் தாண்டியவர். அவர் ஒருவரை நம்பித்தான் அந்தத் தாள் நின்றது.

உயிலை எழுதியவர் இறந்த பிறகும் பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதிவுச் சட்டத்தின் 40, 41-ஆம் பிரிவுகள் அதற்கு இடம் தருகின்றன. எழுதியது அவர்தான், அவர் இறந்துவிட்டார், கொண்டுவந்தவருக்கு அதைத் தாக்கல் செய்ய உரிமை உண்டு என்ற மூன்றும் சார்பதிவாளருக்குத் திருப்தியாக வேண்டும். நாங்கள் அதை யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்தது வக்கீல் சொன்ன ஒரு காரணத்தால். நான்கு வாரிசுகளும் மனமொத்து இருக்கும்போது, ஒற்றைச் சாட்சியை நம்பிய ஒரு தாளைத் தூக்கி நிறுத்துவதைவிட, அந்தத் தாள் சொன்னதையே நான்கு பேரும் சேர்ந்து பதிவுப் பத்திரமாக எழுதிவிடுவது உறுதியானது. உயிலைப் பத்திரத்தின் முன்னுரையில் குறிப்பிட்டு, அதை எல்லோரும் ஏற்கிறோம் என்று எழுதலாம் என்றார். அப்படியே செய்தோம். அசல் உயில் இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் எங்களுக்கு வசதியாக இருந்தது. தோப்பு தாத்தா வழி வந்தது. இதே நிலம் கிழக்கே இருந்திருந்தால், பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டா, உயில் எவ்வளவுக்குச் செல்லும் என்ற கேள்விகள் வந்திருக்கும். கேரளம் கூட்டுக் குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டது. 1976 டிசம்பர் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. மாமாவுக்குப் பங்கு வந்தது 1988-இல். ஆகவே அது அவருடைய தனிச்சொத்து. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விடை, அந்தப் பக்கம் வேறு விடை.

வங்கிப் பணத்தில் சிக்கல் வரவில்லை. நாமினியாக இருந்தவர் சின்ன மாமா, கல்யாணத்துக்கு முன்பு போட்டது, மாற்றவே இல்லை. நாமினி என்றால் பணம் அவருக்குத்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. வங்கி அவர் கையில் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும். அவர் அதை வாரிசுகளுக்காக வைத்திருப்பவர் மட்டுமே. ஆயுள் காப்பீட்டுப் பணத்துக்கு அப்போதிருந்த சட்டப்படி உச்ச நீதிமன்றம் 1983-லேயே இப்படிச் சொன்னது; காப்பீட்டுக்கு மட்டும் அந்த விதி 2015-இல் ஓரளவு மாறிவிட்டது. சின்ன மாமா பணம் வந்த மறுநாள் முழுத் தொகையையும் அத்தை கணக்குக்கு மாற்றினார். “அண்ணி, இத நீங்களே வெச்சுக்கங்க, பிள்ளைகளுக்குக் குடுத்தராதீங்க” என்றார். நாமினி இருந்ததால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டிய தேவை வரவில்லை. தாசில்தார் தருவது யார் யார் வாரிசு என்பதற்கான சான்று. நீதிமன்றம் தருவது வைப்புத்தொகை, பங்கு, கடன் பாக்கி போன்ற பணத்தை வசூலிக்கும் உரிமை. நிலத்துக்கு இரண்டாவது வேண்டியதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திண்ணையில் ஒரு பதிவு

கேரளத்தில் பாகபத்திரம் எழுதக் கேட்டவை: முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), நடப்பு ஆண்டுக் கரம் ரசீது, தண்டப்பேர் எண் (கிராம ஆபீஸில் நிலவரிக் கணக்கு எண்), வாரிசுச் சான்று, நான்கு பேரின் அடையாள அட்டை. எல்லாம் இருந்தது. இடித்தது சர்வே எண். 1988 பாகபத்திரத்திலும் உயிலிலும் பழைய எண். கரம் ரசீதில் மறு அளவைக்குப் பிறகு வந்த பிளாக் எண்ணும் புது எண்ணும். ஆதாரம் எழுதுகிறவர் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, “பழைய எண் இன்னதே இப்போது இன்னது” என்று எழுதினார். இதை விட்டிருந்தால் பின்னால் போக்குவரவு (வருவாய்ப் பதிவில் பெயர் மாற்றம்) நின்றிருக்கும்.

எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார், அம்மாயிதான் நடக்க முடியாமல் இருந்தார். 2023 பிப்ரவரியில் அவருக்கு முழங்கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தார். உடம்பு முடியாதவர் பதிவு ஆபீஸுக்கு வர வேண்டியதில்லை. அலுவலர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தின் 31, 38-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. மருத்துவச் சான்று இணைத்து, தனிக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தோம்.

அதற்கு முதல்நாள் இரவு பத்திரத்தை நான் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். அது மலையாளத்தில் இருந்தது. வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தோப்பு பேரனுக்கு என்ற இடம் வந்தபோது தலையாட்டினார். முடிந்ததும் கேட்டார்.

“என்னைய எங்க வெச்சிருக்கீங்க இதுல?”

பத்திரத்தில் அவர் பெயர் இருந்தது, “பங்கை விட்டுக்கொடுக்கிறார்” என்ற இடத்தில் மட்டும். நான் பத்திரத்தை மூடிவிட்டேன். பேரன் பக்கத்தில்தான் இருந்தான். “ஆத்தா இங்கதான இருக்கப் போறீங்க, நான் பாத்துக்க மாட்டனா?” என்றான். பார்த்துக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் மனதில் இருப்பதைப் பத்திரத்தில் எழுதுவதில் என்ன தடை? அன்றிரவே ஆதாரம் எழுதுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு வரி சேர்க்கச் சொன்னோம். அம்மாயிக்கும் அத்தைக்கும் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை. மாதாமாதம் தேங்காய் வருமானத்தில் இவ்வளவு அம்மாயிக்கு, அவரைப் பராமரிப்பது பேரன் பொறுப்பு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்க இடம் தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வயதானவருக்குப் பிடிமானம். பேரன் ஒரு சொல் மறுக்கவில்லை. “இத நாந்தான் மொதல்ல சொல்லியிருக்கணும்” என்றான்.

மறுநாள் அலுவலர் வந்தார். மற்ற எல்லோரையும் முற்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, அம்மாயியிடம் தனியாகத் தமிழில் பேசினார். என்ன கேட்டார் என்று தெரியாது. பிறகு எங்களைக் கூப்பிட்டார். மைத் தட்டில் பெருவிரலை வைத்து எடுத்தால் வரி தெரியவில்லை. அறுபது வருடம் மட்டை உரித்து, ஓலை சீவி, ஈர்க்குக் கிழித்த விரல். அத்தை ஒரு துணியை நனைத்துத் துடைத்தார். இரண்டாவது தடவையும் வெறும் கறுப்பு. மையைக் குறைத்து, விரலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருட்டி வைத்தபோது நடுவில் மூன்று நான்கு கோடு விழுந்தது. போதும் என்றார் அலுவலர். பத்திரத்தின் முடிவில், இதைத் தமிழில் படித்துக் காட்டிப் புரிந்துகொண்டே ரேகை வைத்தார் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. மொழி வேறான ஊரில் அந்த வாக்கியத்தை விடவே கூடாது. அரசுக்கு எழுதுவதையே தமிழில் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. நம் ஆட்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

மார்ச்சில் போக்குவரவு முடிந்து பேரன் பெயரில் கரம் ரசீது வந்தது. ரசீது வந்தால் சொத்து வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போக்குவரவு வரி வசூலுக்கான ஏற்பாடுதான். உரிமையை அது தீர்மானிக்காது என்று 1966 போக்குவரவு விதிகளே சொல்கின்றன. உரிமை நிற்பது பத்திரத்தில். கிழக்கே பட்டாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கிழக்கே

மனைக்குத் தனியாகத் தமிழ்நாட்டில் ஒரு விடுதலைப் பத்திரம். அத்தை, மகன், அம்மாயி மூவரும் மகளுக்கு விட்டுக்கொடுப்பது. கேரளத்து வாரிசுச் சான்றோடு அதன் தமிழ் மொழிபெயர்ப்பை நோட்டரி கையெழுத்துடன் இணைத்தோம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு அப்போது முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 25,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சம் 4,000. 2023 ஜூலையில் அந்த உச்சங்கள் 40,000, 10,000 என்று உயர்ந்துவிட்டன.

அம்மாயிக்கு அதற்குள் முழங்கால் பரவாயில்லை. இதற்கும் வீட்டுக்கு ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். “பேத்தி எடத்த நான் பாத்ததே இல்ல, நானே வாறன்” என்று காரில் ஏறிக்கொண்டார். பதிவு ஆபீஸில் மை இல்லை, விரலை வைக்கிற கருவி. பெருவிரல் எடுக்கவில்லை, ஆள்காட்டி விரல் எடுக்கவில்லை, கடைசியில் இடது மோதிர விரல் எடுத்தது. பிறகு மனைக்குக் கூட்டிப்போனோம். கல் நட்டிருந்த நான்கு மூலைக்கும் தடியூன்றி நடந்து பார்த்தார். “அஞ்சு செண்டுனா இவ்வளவுதானா?” என்றார். உட்பிரிவு இல்லாததால் பட்டா அந்த மாதமே மாறியது.

திரும்பி வரும்போது கோபாலபுரம் தாண்டியதும், இதோடு எல்லாம் முடிந்ததா என்று அத்தை கேட்டார். வீட்டுக் கரண்டு இணைப்பு மட்டும் இன்னும் மாமா பெயரில் இருக்கிறது, ஒரு விண்ணப்பம் கொடுத்தால் மாறிவிடும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஒண்ணு அவரு பேர்லயே இருக்கட்டுங்க” என்றார். விண்ணப்பத்தை எழுதி என் பையிலேயே வைத்திருக்கிறேன். அத்தை சொல்லும் நாளில் கொடுப்பேன். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமா பெயரில் பில் வருகிறது, மகன் கட்டிவிடுகிறான்.